பாதியில் விலகிய சிமோன் பைல்ஸ்: அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது என்ன?

2021 ஜூலை 27, டோக்கியோ. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளுக்கான ஒலிம்பிக் இறுதிப்போட்டி. அமெரிக்க அணிக்கு முதலில் வால்ட். சிமோன் பைல்ஸ் ஓடிவந்து, கரணம் போட்டு, மேசையில் கை ஊன்றி எழும்பினார். காற்றில் உடம்பை இரண்டரை முறை திருக வேண்டிய குதிப்பு அது. ஒன்றரையிலேயே திருகல் நின்றுவிட்டது. எப்படியோ காலால்தான் இறங்கினார். ஆனால் மண்டியிடும் அளவுக்குத் தாழ்ந்துபோய், முன்னால் ஒரு பெரிய எட்டு வைத்த பிறகே நிற்க முடிந்தது. கிடைத்தது 13.766 புள்ளி. அணி மருத்துவருடன் வெளியே போனார். திரும்பி வந்தபோது வெள்ளை டிராக்சூட் போட்டிருந்தார். தோழிகளைக் கட்டிப்பிடித்து, பார்ஸ் (உயரம் மாறிய இரண்டு கம்பிகள்), பீம் (ஒடுங்கிய கட்டை), ஃப்ளோர் (தரை) என்ற மீதி மூன்று கருவிகளிலும் தான் இறங்கப்போவதில்லை என்று சொன்னார்.

ரியோ ஒலிம்பிக்ஸில் 4 தங்கம், அதுவரை உலகப் போட்டிகளில் மட்டும் 25 பதக்கம் வாங்கியவர். அந்தச் செய்தியைக் கேட்டபோது என் மனதில் முதலில் எழுந்த கேள்வி, "கால் உடையவில்லையே, அப்புறம் ஏன்?" என்பதுதான். அன்றைக்கு உலகம் முழுவதும் பலர் கேட்டதும் அதையே. உடைந்தது கண்ணுக்குத் தெரிந்தால்தான் விலகலாம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த விளையாட்டின் வரலாறே காட்டுகிறது.

முதலில், காற்றில் நடந்தது என்ன?

வால்ட் மேசையின் உயரம் 125 சென்டிமீட்டர். கையால் அதைத் தள்ளி எழும்பியதிலிருந்து தரையைத் தொடும்வரை ஏறக்குறைய ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் உடம்பு தலைகீழாகவும் சுழல வேண்டும், பம்பரம் போலத் தன்னைச் சுற்றியும் திருக வேண்டும். அந்த வேகத்தில் எதையும் நிதானமாகப் பார்த்து முடிவெடுக்கக் கண்ணுக்கு நேரமில்லை. காதுக்குள்ளே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை அவை மூளைக்குச் சொல்கின்றன. கை கால் எங்கே இருக்கிறது என்பதைத் தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய மூளை இவற்றையெல்லாம் கோத்து, யோசிக்காமலே கணக்குப் போடுகிறது. சைக்கிள் ஓட்டும்போது எந்தப் பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்று நாம் யோசிப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

அந்தக் கணக்கு திடீரென்று அறுந்துபோவதை ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் 'ட்விஸ்டீஸ்' என்கிறார்கள். டிராம்போலின் ஆடுபவர்களுக்கும் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிப்பவர்களுக்கும் இதேபோல வருவதுண்டு. காற்றில் இருக்கும்போது மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. எத்தனை முறை திருகினோம் என்ற உணர்வும் இருக்காது. தரை எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் இறங்க வேண்டும். காலில் இறங்கலாம், முதுகில் இறங்கலாம், கழுத்திலும் இறங்கலாம். தனக்கு முன்பும் இது வந்திருக்கிறது என்றும், சரியாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றும் பைல்ஸ் பிறகு விளக்கினார். முன்பு ஃப்ளோர், வால்ட் இரண்டில் மட்டும் வந்தது, இந்த முறை எல்லாக் கருவிகளிலும் வந்துவிட்டது.

மன அழுத்தம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அழுத்தம் மூளையை என்ன செய்கிறது என்பது ஓரளவு தெரிந்த விஷயம். நம்மால் கட்டுப்படுத்த முடியாத நெருக்கடி வரும்போது உடலில் நார்அட்ரினலினும் டோபமினும் ஏறுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி, அதாவது நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் பகுதி, அளவுக்கு மீறிய இந்த ரசாயனங்களால் மங்கிப்போகிறது. இன்னொரு கோளாறும் உண்டு. தானாக நடக்க வேண்டிய ஒரு திறமையை, பதற்றத்தில் நாமே உற்றுக் கவனித்து நடத்தப் பார்க்கிறோம். மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு காலடியையும் யோசித்துப் பாருங்கள், தடுமாறிவிடும். அதே விஷயம் தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் தலைகீழாக நடந்தால் எப்படி இருக்கும்?

டோக்கியோவுக்கு அவர் சுமந்துகொண்டு வந்ததும் கொஞ்சமில்லை. போட்டி ஓராண்டு தள்ளிப்போயிருந்தது. கொரோனாவால் குடும்பத்தார் கூட வர முடியவில்லை. அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்து பல வீராங்கனைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய லாரி நாஸரால் பாதிக்கப்பட்டவர்களில் தானும் ஒருவர் என்று 2018இல் வெளிப்படையாகச் சொன்னவர் பைல்ஸ். அந்த மருத்துவரை வைத்திருந்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் கொடியைத்தான் டோக்கியோவில் அவர் தோளில் சுமக்க வேண்டியிருந்தது. தான் டோக்கியோவுக்கு வெகுகாலம் முன்பே விலகியிருக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஒரு பேட்டியில் அவர் சொன்னார். நாம் 'பாதியில்' என்கிறோம். அவருக்கு அது தாமதமாக எடுத்த முடிவு.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயம் வேறு, உடம்புக்குள் இருக்கும் கருவி பழுதாவது வேறு. நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் எல்லாப் போட்டியாளருக்கும் உண்டு. அதோடு இறங்கி ஆடத்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள். பைல்ஸுக்கு அன்று போனது, காற்றில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அறிவு. கண்ணைச் சொக்கும்போது வண்டியை ஓரங்கட்டி, டீக்கடையில் முகம் கழுவிவிட்டு ஒரு மணி நேரம் படுத்தெழும் லாரி டிரைவரை யாராவது கோழை என்கிறோமா? சரக்கு தாமதமாகிறது என்பது உண்மை. ஆனாலும் அவர் செய்தது சரி என்று நமக்குத் தெரியும்.

ஆபத்தை எடைபோட அவர் டோக்கியோவில்தான் கற்றுக்கொண்டார் என்றும் இல்லை. 2016 ரியோவில் நம் தீபா கர்மாகர் ப்ரொடுனோவா குதிப்பைச் செய்து 15.066 புள்ளியோடு நான்காவது வந்தது நினைவிருக்கும். அந்த வால்ட் போட்டியில் தங்கம் வாங்கியவர் பைல்ஸ். கைவைத்து எழும்பி முன்பக்கமாக இரண்டு பல்டி அடிக்கும் ப்ரொடுனோவாவை நீங்கள் ஏன் செய்வதில்லை என்று அந்தச் சமயத்தில் அவரைக் கேட்டார்கள். சாகிற எண்ணம் எனக்கில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். தன் எல்லையைத் தானே அறிந்து சொல்லும் பழக்கம் அவருக்கு முன்பிருந்தே இருந்தது.

எலெனா முகினாவுக்கும் அந்த அறிவு இருந்தது. அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

முகினா சோவியத் வீராங்கனை. 1978இல் ஸ்ட்ராஸ்பூர்க் உலகப் போட்டியில் ருமேனியாவின் புகழ்பெற்ற நாடியா கொமனேச்சியைத் தாண்டி சாம்பியன் ஆனவர். அடுத்த ஆண்டு அவருக்குக் கால் முறிந்தது. 1980 ஒலிம்பிக்ஸோ சொந்த ஊரான மாஸ்கோவில். கால் முழுதாக ஆறும் முன்பே பயிற்சிக்கு இழுத்து வரப்பட்டார். ஃப்ளோரில் அவர் செய்ய வேண்டியிருந்தது 'தாமஸ் சால்ட்டோ'. ஒன்றேமுக்கால் பல்டி, ஒன்றரைத் திருகல், கடைசியில் தலைகுப்புற வந்து தோளில் உருண்டு எழ வேண்டும். எழும்பும் உயரம் சற்றுக் குறைந்தாலும் தலையோ தாடையோதான் முதலில் தரையில் மோதும். உயரம் காலின் பலத்திலிருந்து வருகிறது. அவரிடம் அப்போது இல்லாததும் அதுதான். இதைச் செய்தால் என் கழுத்து முறிந்துவிடும் என்று பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கிறார். உன்னைப் போன்றவர்களுக்குக் கழுத்து முறியாது என்று பதில் வந்திருக்கிறது.

1980 ஜூலை 3. ஒலிம்பிக்ஸ் தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது தாடை தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. அப்போது அவருக்கு வயது 20. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்துபோய், 2006 டிசம்பரில் இறக்கும்வரை 26 ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார். அந்தக் குதிப்பு பின்னாளில் பெண்கள் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து முகினா ஒரு பேட்டியில் சொன்னது என்னை விட்டுப் போவதே இல்லை. விழுந்து கிடந்த அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றிய எண்ணம்: அப்பாடா, இனி ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டாம்.

இருபது வயதுப் பெண்ணுக்கு விலகுவதற்கு இருந்த ஒரே வழி கழுத்து முறிவதுதான் என்றால், அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லா வாசலையும் அடைத்துவைத்திருந்தார்கள் என்று அர்த்தம். வாய்விட்டுச் சொன்ன 'முடியாது' அங்கே செல்லுபடியாகவில்லை.

மனதின் காரணத்தை யாரும் ஏற்காத இடத்தில் மனிதர்கள் உடம்பின் மேல் பழி போட்டுத் தப்பிக்கிறார்கள். இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் மார்கஸ் ட்ரெஸ்கோதிக் 2006இல் இந்தியச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டு ஊருக்குத் திரும்பினார். மனச்சோர்வும் பதற்றமும் அவரை வாட்டிக்கொண்டிருந்தன. ஆனால் பிறகு தொலைக்காட்சியில் கேட்டபோது ஏதோ வைரஸ் தொற்று என்று சொன்னார். அன்றைய கிரிக்கெட் உலகத்தில் வைரஸுக்கு மரியாதை இருந்தது, மனச்சோர்வுக்கு இல்லை. நமக்கும் இது புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக எழுதக் கற்றுக்கொண்ட விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல்தானே காரணம்? அலுவலகத்துக்குப் போனபிறகும் அதே காய்ச்சலைத்தான் எழுதுகிறோம். "நேற்றிலிருந்து எனக்கு மூச்சு முட்டுகிறது, இரண்டு நாள் வேண்டும்" என்று எழுதிக்கொடுத்து வாங்கிய விடுப்பு எனக்குத் தெரிந்து யாரிடமும் இல்லை.

மொழியும் நமக்கு எதிராகத்தான் நிற்கிறது. புறமுதுகு காட்டியவன், பாதியில் விட்டவன், ஓடிப்போனவன். போரில் முதுகில் காயம் பட்டால் அவமானம், மார்பில் பட்டால் விழுப்புண் என்று மதித்த மரபு நம்முடையது. போர்க்களத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ஓயாமல் கத்தும் மேலாளர், மாதக்கணக்கில் தூங்கவிடாத படிப்பு, நாள்தோறும் குத்திக்காட்டும் வீடு ஆகியவற்றுக்கும் அதே அளவுகோலைப் பிடிக்கிறோம். அங்கே புண் மார்பிலா முதுகிலா என்று பார்க்க முடியாது, அது உள்ளே இருக்கிறது.

அமெரிக்காவுக்கும் ஒரு விழுப்புண் கதை உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ், கெரி ஸ்ட்ரக். முதல் வால்ட்டிலேயே கணுக்கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே ஓடி இரண்டாவது முறையும் குதித்து, ஒற்றைக்காலில் நின்று வணங்கிவிட்டு விழுந்தார். அவரைப் பயிற்சியாளர் தூக்கிக்கொண்டு போன காட்சி அந்த நாட்டின் பெருமைச் சித்திரமாகிவிட்டது. அமெரிக்க அணி 0.821 புள்ளி வித்தியாசத்தில் தங்கம் வென்றது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் இரண்டாவது முறை குதிக்காமல் இருந்திருந்தாலும் தங்கம் கிடைத்திருக்கும். குதிக்கும்போது அது அவருக்குத் தெரியாது. காயத்தால் தனிநபர் போட்டிகள் எதிலும் அவர் இறங்க முடியவில்லை. 18 வயதில் அவருடைய ஒலிம்பிக் வாழ்க்கை முடிந்தது. 2021இல் டெக்சாஸ் மாநிலத்தின் உயர் சட்ட அதிகாரி ஒருவர் ஸ்ட்ரக்கின் வீடியோவைக் காட்டி, பைல்ஸைத் தேசிய அவமானம் என்று எழுதினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஸ்ட்ரக் யார் பக்கம் நின்றார் தெரியுமா? பைல்ஸுக்கு வெளிப்படையாக ஆதரவு சொன்னார்.

பைல்ஸ் விலகியதால் ஒன்றும் நஷ்டமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நஷ்டம் இருந்தது. அணிக்கு நான்கு பேர், ஒவ்வொரு கருவியிலும் மூன்று பேர் இறங்க வேண்டும், மூன்று பேரின் புள்ளியும் சேரும். ஒருவர் சொதப்பினால் விட்டுவிட வழியில்லை. அவர் தொடர்ந்து ஆடி விழுந்திருந்தால் அந்தப் புள்ளியும் சேர்ந்திருக்கும். பார்ஸிலும் பீமிலும் அவர் இடத்தில் ஜோர்டன் சைல்ஸ் இறங்கினார். ஃப்ளோரில் சுனிசா லீ. திடீரென்று மாற்று ஆளாகப் போய் ஒலிம்பிக் இறுதியில் ஆடுவது சாதாரண விஷயமா? ரஷ்ய அணி 3.432 புள்ளி முன்னால் போய்த் தங்கம் வாங்கியது. அமெரிக்காவுக்கு வெள்ளி. தன் விலகலின் பாரத்தைத் தோழிகள் சுமந்தார்கள் என்பது பைல்ஸுக்குத் தெரியும். அன்று முழுவதும் அரங்கத்தின் ஓரத்திலேயே நின்று கத்தி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன். விலகுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தனி ஆளின் துணிச்சலைப் பற்றியே பேசுகிறோம். அன்று பைல்ஸின் துணிச்சல் பாதி வேலைதான் செய்தது. மீதியைச் செய்தவர்கள் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்ட பயிற்சியாளரும் மருத்துவரும், கேள்வி கேட்காமல் அவர் இடத்தில் போய் நின்ற தோழிகளும். முகினாவும் சொன்னார், பைல்ஸும் சொன்னார். சொல்லில் வித்தியாசம் இல்லை, கேட்டவர்களில்தான் இருந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். செய்தியாளர் சந்திப்பு தன் மனநலத்தைக் குலைக்கிறது, ஆட்டத்தை மட்டும் ஆடுகிறேன் என்றார் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா. பிரெஞ்சு ஓப்பன் 15,000 டாலர் அபராதம் போட்டது, இன்னும் கடுமையான நடவடிக்கை வரலாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. அவர் போட்டியிலிருந்தே வெளியேறினார். ஒரு சின்ன விலகலுக்கு இடம் கொடுத்திருந்தால் பெரிய விலகல் நடந்திருக்காது.

ஒரு நியாயமான எதிர்வாதத்துக்கும் பதில் வேண்டும். பதற்றத்துக்குச் சிகிச்சை தருபவர்கள், பயப்படும் விஷயத்தைத் தவிர்த்துக்கொண்டே போனால் பயம் வளரும் என்பார்கள். அது உண்மைதான். மேடைப் பேச்சுக்குப் பயந்து ஒருமுறை நழுவினால் அந்த நிம்மதி ருசித்துவிடும், அடுத்த முறை நழுவுவது இன்னும் சுலபமாகும். அப்படியென்றால் பைல்ஸ் செய்ததும் அதுதானா?

அடுத்த ஒரு வாரத்தைப் பாருங்கள். எல்லாவற்றிலிருந்தும் விலகுகிறேன் என்று அவர் மொத்தமாக அறிவிக்கவில்லை. ஒவ்வொரு போட்டியாகத்தான் முடிவெடுத்தார். முதலில் நான்கு கருவிகளிலும் ஆடும் தனிநபர் ஆல்ரவுண்ட், அப்புறம் வால்ட், பார்ஸ், கடைசியாக ஃப்ளோர். இடையில் ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தின் பயிற்சிக்கூடத்தை ஜப்பானியர்கள் அவருக்காக அமைதியாகத் திறந்துவிட்டார்கள். விழுந்தாலும் அடிபடாத இடத்தில் குதித்துக் குதித்து, உணர்வு திரும்பியதா என்று பார்த்தார். முதுகடித்து விழுந்ததை வீடியோ எடுத்துப் போட்டார். அந்த நாட்களில்தான் அவருடைய அத்தை திடீரென்று இறந்துபோன செய்தியும் வந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி பீமில் இறங்கினார். பத்தே சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டை. இறுதியில் குதித்து இறங்கும்போது திருகலே இல்லாத இரட்டைப் பல்டியைத் தேர்ந்தெடுத்தார். எது பழுதோ அதை மட்டும் எடுத்துவிட்டு, முடிகிறதைச் செய்தார். 14.000 புள்ளி, வெண்கலம்.

பயத்துக்காக நழுவுபவர் அந்த வாசல் பக்கமே திரும்பமாட்டார். பைல்ஸ் தினமும் வாசலுக்கு வந்து, உள்ளே போகலாமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். நாம் ஒன்றிலிருந்து விலகும்போது நமக்கு நடப்பது இரண்டில் எது என்று கண்டுபிடிக்க இது ஒரு நல்ல அடையாளம்.

எல்லோருக்கும் இப்படி விலக வசதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. வீட்டுக்கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருப்பவர் நாளைக்கே வேலையை விட முடியாது. மன அமைதிக்காக விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்வது இரக்கமற்ற பேச்சு. ஆனால் சின்ன விலகல்கள் உண்டு. கடுமையான வாக்குவாதத்துக்குப் பிறகு உடம்பில் ஏறிய கார்டிசால் அடங்க ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் நம்முடையவையாக இருப்பதில்லை. "இதை நாளைக்குப் பேசலாம்" என்று எழுந்து மொட்டைமாடிக்குப் போவதும் விலகல்தான். விலகியவரைத் துரத்திக்கொண்டு மாடிக்கு வராமல் இருப்பது மற்றவர் செய்ய வேண்டியது.

2024 பாரிஸில் பைல்ஸ் 3 தங்கமும் 1 வெள்ளியும் வாங்கினார். அணி இறுதிப்போட்டி நாளன்று காலையில் மனநல ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் அரங்கத்துக்கு வந்தார். இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, விலகியது சரிதான் என்று சொல்லத் தோன்றும். அந்தத் தங்கங்களை வைத்து நான் அதை நிரூபிக்க விரும்பவில்லை. அவர் ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் திரும்பாமலே இருந்திருந்தாலும் 2021 ஜூலை 27 அன்று எடுத்த முடிவு சரியான முடிவுதான். ட்ரெஸ்கோதிக் 2006 கோடையில் இங்கிலாந்துக்கு ஆடத் திரும்பினார், ஆனால் அதே ஆண்டு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலிருந்தும் பாதியில் ஊருக்குத் திரும்பினார். அதன் பிறகு இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை, 2008இல் சர்வதேசக் கிரிக்கெட்டுக்கு விடை சொன்னார். ஆனால் சோமர்செட் கவுண்டிக்காக 2019 வரை ஆடினார். அவருக்குத் தாங்க முடியாமல் போனது நெடும் பயணம்தான், கிரிக்கெட் அல்ல.

டோக்கியோவில் பைல்ஸ் விலகியதற்கு மறுநாள், 1996 தங்க அணியில் ஸ்ட்ரக்கோடு ஆடிய டொமினிக் மொசியானு ஒரு பழைய வீடியோவைப் பகிர்ந்தார். அட்லாண்டாவில் பீம் இறுதிப்போட்டி, அவருக்கு 14 வயது, காலில் ஏற்கெனவே எலும்பு விரிசல். கால் நழுவித் தலை நேராகக் கட்டையில் மோதுகிறது. எழுந்து ஆடி முடிக்கிறார். கழுத்தை யாரும் பரிசோதிக்கவில்லை. சில நிமிடங்களில் ஃப்ளோர் இறுதியிலும் ஆடினார். நம் உடல்நலத்தில் நமக்கும் ஒரு பேச்சு உண்டு என்று பைல்ஸின் முடிவு காட்டுகிறது என்று எழுதிவிட்டு, ஒலிம்பிக் வீராங்கனையாக இருந்த காலத்தில் அந்தப் பேச்சு தனக்கு இருந்ததாக ஒருநாளும் உணர்ந்ததில்லை என்றும் அவர் சேர்த்திருந்தார்.